கண்ணாடியின் மேல் குற்றமில்லை

தலைநகரில் குடித்தனம் நடத்தும் நம்மவர்களில் பலர் இப்போது இரட்டைக் கண்ணாடிச் சாளரம் பொருத்திய வீடுகளில் வாடகைக்கு இருக்கிறோம். துவாரகாவில் விமானங்கள் தாழப் பறக்கும் பகுதிகளிலும், ரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடிகளிலும் இரைச்சலுக்கு அஞ்சி வீட்டுக்காரர்கள் இவற்றை அமைத்திருக்கிறார்கள். ஊரில் நாம் அறிந்தவை தேக்குமரச் சட்டமும், இரும்புக் கம்பியும், மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு மூட மறுக்கும் கதவுமே. அவற்றுக்கு ஒரு தச்சர் போதும். இழைப்புளியை நாலு முறை ஓட்டினால் தீர்ந்தது. இந்தப் புதுச் சாளரம் கெட்டால் என்ன செய்வதென்று நம் வீடுகளில் எவருக்கும் தெரிவதில்லை. ஆதலால் வந்தவர் சொன்ன விலையைக் கொடுக்கிறோம். அல்லது கெட்டதோடு காலந்தள்ளுகிறோம். இரண்டும் வேண்டியதில்லை என்று அநுபவத்தில் கண்டதனால் இதை எழுதுகிறேன். நான் ரயில்வேயில் எழுத்தர். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன். எனக்குப் புரிந்தது எவருக்கும் புரியும்.

முதலில் கண்ணாடியைப் பற்றி. இரண்டு கண்ணாடிகளை ஒரு மெல்லிய உலோகச் சட்டத்தால் விலக்கி, ஓரம் முழுவதையும் பசையால் காற்றுப் புகாமல் அடைத்திருப்பார்கள். சாதாரணமாகக் கண்ணாடி ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர், இடைவெளி 12 மில்லிமீட்டர், ஆக 24 மில்லிமீட்டர் கனம் என்பது அடிக்கடி காணும் அளவு. நடுச்சட்டத்தினுள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. ஓரப் பசை விட்டுப்போனால் ஈரக்காற்று உட்புகும். மணிகள் உறிஞ்சி உறிஞ்சி ஓய்ந்தபின் உட்புறத்தில் பனிமூட்டம் படியும். ஏ.சி. பெட்டியில் ஊருக்குப் போகும்போது சில ஜன்னல்கள் இப்படி மங்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இந்தப் பக்கம் துடைத்தாலும் போகாது, அந்தப் பக்கம் துடைத்தாலும் போகாது. வீட்டில் இது நேர்ந்தால் அந்தக் கண்ணாடி இணையை மட்டும் புதிதாகச் செய்வித்து மாற்றலாம். சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. கண்ணாடியைப் பொறுத்தவரை நோய் இது ஒன்றுதான் எனலாம். மற்றபடி அது நாள் முழுவதும் சும்மா நிற்கிறது. உழைப்பவை கைப்பிடி, பூட்டு, கீல் ஆகிய மூன்றே. தேய்வதும் தளர்வதும் அவைதாம்.

இவற்றின் பெயர்களை நம் பெண்மக்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நலம். கீலுக்கு இங்கே ‘கப்ஜா’ என்று பெயர். பூட்டுக்குத் ‘தாலா’, சாவிக்குச் ‘சாபி’. தாழ்ப்பாளுக்குச் ‘சிட்கனி’ என்று ஒரு சொல்லும், தமிழ்க் காதுக்குக் கூச்சம் தரும் வேறொரு சொல்லும் உண்டு. அந்த இரண்டாவதை மிஸ்திரி உரக்கச் சொன்னதைக் கேட்டு, என் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாங்கள் இந்த நான்காம் மாடி வீட்டுக்குக் குடிவந்த பன்னிரண்டாம் நாள், ஜனவரி மாதம். நான் அலுவலகத்திலும், என் மனைவி பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் இருந்தோம். துணி காயப்போட மாடத்துக்குச் சென்ற தாயார், குளிர்காற்று வீட்டுக்குள் போகாமலிருக்கக் கதவைச் சாத்தினார். திரும்பத் திறக்கையில் வெளிப்புறக் கைப்பிடி வெறுமனே சுழன்றது, கதவு அசையவில்லை. மேலே ஒரு பருத்திப் புடைவை. கம்பளி உள்ளே இருந்தது. அவருக்கு ஆஸ்துமா உண்டு. கைபேசி உள்ளே அடித்துக்கொண்டிருந்ததாம். கீழே மனிதர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? இந்தியில் அவருக்குத் தெரிந்தது காய்கறிகளின் பெயர் மட்டுமே.

“கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன் தம்பி. ஒரு பொண்ணு அண்ணாந்து பார்த்துச் சிரிச்சுட்டு, அதுவும் கையை ஆட்டிட்டுப் போயிருச்சு” என்றார் பிற்பாடு.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். என் மனைவி வந்து உட்புறக் கைப்பிடியைத் திருப்பியதும் கதவு எப்போதும்போல் திறந்துகொண்டது. அன்றிரவு நெபுலைசர் வைத்தும் மூச்சு அடங்காமல், விடியுமுன்பே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். மூன்று நாள் அங்கே இருந்தார்.

கதவுக்கு வந்த கேடு என்னவென்றால், இரண்டு திருகாணிகள். உள்கைப்பிடியையும் வெளிக்கைப்பிடியையும் கதவின் ஊடே சென்று இறுக்கிப் பிடிப்பவை இரண்டு நீண்ட திருகாணிகள். அவை முந்தைய குடியிருப்பாளர் காலத்திலேயே தளர்ந்திருக்க வேண்டும். இரு கைப்பிடிகளையும் இணைத்து நடுவே ஓடும் சதுரக் கம்பி (கதவுகளில் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், சாளரங்களில் 7) மெல்ல உட்புறமாக நழுவி, வெளிக்கைப்பிடியின் பிடியிலிருந்து விடுபட்டுவிட்டது. கம்பியைச் சரிவர நுழைத்துத் திருகாணிகளை இறுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று நாள் மருத்துவமனைக்கும் ஐந்து நிமிடத்துக்கும் உள்ள கணக்கு என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. புது வீட்டுக்குக் குடிபோகும் அன்பர்கள் பால் காய்ச்சியதும் மாடக்கதவின் கைப்பிடியை இருபுறமும் ஆட்டிப் பார்க்க வேண்டுகிறேன்.

அதன்பின் இவ்விஷயத்தில் எனக்குக் குருவாக அமைந்தவர், ரயில் பெட்டிகள் பழுதுபார்க்கும் பணிமனையில் பிட்டராக இருக்கும் ஒரு பீகார் நண்பர். கதவு மூடவில்லை என்று எவர் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது, “திறந்து வைத்துக்கொண்டு பூட்டிப் பார்த்தாயா?” என்பதே. இதைவிடப் பயனுள்ள கேள்வியை நான் கேட்டதில்லை. கதவைத் திறந்த நிலையில் நிறுத்தி, கைப்பிடியை உயர்த்தி, சாவியைத் திருப்ப வேண்டும். திறந்திருக்கும்போது சுலபமாகப் பூட்டிக்கொண்டு, மூடினால் மட்டும் அடம்பிடிக்குமானால் பூட்டில் கோளாறு இல்லை. கதவு தொங்கிவிட்டது, பூட்டின் நாக்கும் சட்டத்திலுள்ள குழியும் நேருக்கு நேர் சந்திக்கவில்லை. குணப்படுத்த வேண்டியது கீலை. திறந்திருக்கும்போதும் இறுகினால் பூட்டின் நடுவயிற்றிலுள்ள பற்சக்கரப் பெட்டி கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அந்தப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். எந்தக் கோளாறானாலும் புதுக் கதவு விற்க வருகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்வதேயில்லை.

தொங்கிய கதவைத் தூக்குவதும் பெரிய வித்தையன்று. இவ்வகைக் கதவுகளின் கீல்களில் மூடியை நீக்கினால் ஆறுமூலைத் துளையுள்ள திருகாணிகள் தென்படும். ஒன்று கதவை ஏற்றி இறக்கும். ஒன்று பக்கவாட்டில் நகர்த்தும். ‘அலன் கீ’ என்று கேட்டால் ஒரு கட்டு கிடைக்கும். எல்லாக் கீல்களையும் சமமாக, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேற்படாமல் திருப்பி, மூடிப் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். தில்லியில் இன்னொன்றும் உண்டு. இந்தச் சட்டங்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை, வெயிலில் நீள்பவை. 2 மீட்டர் உயரக் கதவு 30 பாகை வெப்ப மாறுதலில் 3, 4 மில்லிமீட்டர் வரை நீளக்கூடும். எனவே மே மாத நண்பகலில் உராயும் கதவு இரவில் தானே சரியாவதுண்டு. அதை அவசரப்பட்டு அரத்தால் ராவ வேண்டாம்.

அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் சோதனை வந்தது. நவம்பரில் இந்நகரத்துக் காற்று எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாயாரின் அறைச் சாளரம் மூடியிருந்தும் ஓரத்தில் புகை நாற்றம் வந்தது. காலையில் சாளரப் படியில் கரும்பொடி படிந்திருந்தது. வீட்டுக்காரர் அனுப்பிய ஒப்பந்தக்காரர் விரலால் தட்டிப் பார்த்து, சட்டம் வளைந்துவிட்டது, முழுச் சாளரத்தையும் மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்றார். அதில் பாதி குடியிருப்பவர் கொடுக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்தார். என் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சாளரத்துக்கும் ரப்பர் விளிம்புக்கும் இடையே வைத்து, மூடி, தாளை இழுத்தார். கீல் பக்கம் தாள் கிழிந்தது. இறுக்கம் அங்கே சரியாக இருந்தது. கைப்பிடிப் பக்கம் தாள் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் சாளரத்தைத் திறந்து அதன் விளிம்பைக் காட்டினார். கைப்பிடியைத் திருப்பும்போது மேலும் கீழும் ஓடும் உலோகப் பட்டையில் காளான் வடிவக் குமிழ்கள் இருந்தன. சட்டத்திலுள்ள கொக்கிகளில் மாட்டிச் சாளரத்தை ரப்பரோடு இழுத்துப் பிடிப்பவை அவையே. அவற்றின் அச்சு நடுவில் இராது. சற்று ஒதுங்கி இருக்கும். ஆகவே குமிழைத் திருகினால் பிடி இறுகும் அல்லது தளரும். 4 மில்லிமீட்டர் அலன் சாவியால் மூன்று குமிழ்களையும் திருகினோம். கீலின் ஓடுதடத்தில் பாலைவனமே இருந்தது. பழைய பல்துலக்கியால் அதைச் சுரண்டித் துடைத்தோம். தளர்ந்திருந்த கீல் திருகாணிகளை இறுக்கினோம். அடுத்த தாள் எல்லாப் பக்கமும் கிழிந்தது. செலவு, அலன் சாவிக் கட்டு 120 ரூபாயும், அவருக்குத் தாயார் வார்த்த ஆறு தோசைகளும். 28,000 ரூபாய் ஒப்பந்தக்காரர் அதன்பின் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டார்.

எண்ணெய் இடுவதில் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிறீச்சென்ற எதற்கும் தேங்காயெண்ணெய் விடுவது நம் வழக்கம். அது 24 பாகைக்குக் கீழே உறைவது; இங்கே டிசம்பரில் கொழுக்கட்டைபோல் கெட்டியாகி, தூசியையும் சேர்த்துக்கொண்டு கீலை அடைத்துவிடும். ஓடும் உலோகத்துக்குத் தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயும், ரப்பர் விளிம்புக்குச் சிலிக்கோனும் ஏற்றவை. சாவித் துவாரத்துக்குள் எண்ணெயே கூடாது; பென்சில் கரித்தூள் இட்டால் சாவி இலகுவாகத் திரும்பும். நான் திண்டுக்கல் பக்கத்தவன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு எங்கள் ஊருடையது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சற்றுத் துணிச்சல் அதிகம்.

சாவி சுழன்றும் பூட்டு அசையாவிட்டால் உருளையை மட்டும் மாற்றலாம். கதவின் விளிம்பில் சாவித் துவாரத்துக்கு நேராக ஒரு நீண்ட திருகாணி உண்டு. அதை எடுத்துவிட்டு, சாவியைச் சிறிது திருப்பிப் பிடித்து இழுத்தால் உருளை கழன்று வரும். திருகாணித் துளையிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள நீளத்தைத் தனித்தனியே அளந்துகொள்ள வேண்டும். இரண்டும் சமமாக இருக்குமென்று எண்ணலாகாது. பழைய பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு சாவடி பஜாருக்குப் போங்கள். புதுதில்லி நிலையத்திலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தம். வாயால் வருணித்தால் பத்துக் கடை ஏற வேண்டும். பொருளைக் காட்டினால் மூன்றாவது கடையில் கிடைக்கும்.

உட்புறமாகச் சாயவும் பக்கவாட்டில் திறக்கவும் செய்யும் சாளரங்கள் சில வீடுகளில் உண்டு. திறந்திருக்கும்போதே கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பினால், அது ஒரு மூலையில் மட்டும் தொங்கிக்கொண்டு நம்மைப் பயமுறுத்தும். உடைந்துவிடவில்லை. ஒருவர் கீல் பக்கத்து மேல்மூலையைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்க, மற்றவர் விளிம்பிலுள்ள சிறு நெம்பை அமுக்கியவாறு கைப்பிடியைப் படுக்கை நிலைக்குத் திருப்பி, மெதுவாகச் சாத்தினால் பழையபடி ஆகிவிடும்.

நாமே செய்யலாகாத வேலை ஒன்றுண்டு: கீலை அடியோடு கழற்றுவது. கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுரமீட்டருக்கு இரண்டரைக் கிலோ எடையுள்ளது. 6 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு சேர்ந்தால் சதுரமீட்டருக்கு 30 கிலோ. அது கைநழுவினால் நான்கு மாடிக்குக் கீழே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மட்டும் மிஸ்திரியை அழையுங்கள். இருவராக வரச் சொல்லுங்கள். கூலியில் பேரம் பேச வேண்டாம்.