நிமிர்ந்து நில் என்றோம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளைகள் நல்வழிக்கு வளையவேண்டும் என்றே கவலைகொண்டிருந்த நாங்கள், கண்முன்னே வளைந்துகொண்டிருந்த ஒன்றைக் காணத் தவறினோம்.

எங்கள் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "நிமிர்ந்து நில்" என்று நாள்தோறும் கடிந்துகொள்வோம். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா நடனத்திற்குச் சட்டை தைக்க அளவெடுத்தபோதே, அவளது வலது தோள் உயர்ந்திருப்பது புலப்பட்டது. முன்னே குனியச் செய்தோம். முதுகின் ஒருபுறம் மேடாக எழுந்தது.

பான் நகரில் எலும்பு மருத்துவர் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் 28 பாகை வளைவைக் காட்டியது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு தானும் முறுகிக்கொள்வதே ஸ்கோலியோசிஸ். வளைவு 10 பாகையையாவது எட்டினால்தான் அப்பெயர் இடுவர். வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் இது காணப்படுகின்றது. பெரிய வளைவுகள் பெண்பிள்ளைகளிடமே அதிகம். பெரும்பாலும் வலி இராது, காரணமும் அறியப்படவில்லை. புத்தகப் பையும் கூனி அமர்வதும் இதனை உண்டாக்குவதில்லை என்றார் மருத்துவர். செய்யாத குற்றத்திற்கல்லவா பிள்ளையைக் கடிந்தோம் என்று நாங்கள் தலைகுனிந்தோம்.

சிறிய வளைவாயின் காலத்துக்குக் காலம் கவனித்து வருவர். வளரும் பிள்ளைக்கு 25 பாகையைக் கடந்தால் கொர்செட் எனப்படும் கச்சை அணிவிப்பர். 50 பாகையளவில் அறுவைச் சிகிச்சை பற்றிச் சிந்திப்பர். 2013இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றில், கச்சை அணிந்தோரில் நூற்றுக்கு 72 பேர் அந்த 50 பாகையை எட்டாமல் வளர்ந்து முடித்தனர். அணியாதோரில் 48 பேரே அவ்வாறு தப்பினர். கூடிய நேரம் அணிந்தோர் கூடிய பயன் பெற்றனர்.

இதற்கான உடற்பயிற்சி இந்நாட்டிலேயே பிறந்தது. 1894இல் டிரெஸ்டனில் பிறந்த கத்தரீனா ஷ்ரோத் அம்மையார், தாமே வளைந்த முதுகுடன் உருக்குக் கச்சை அணிந்து வருந்தியவர். குழிந்த பக்கத்தை மூச்சினால் நிரப்பும் பயிற்சியைத் தம் உடலிலேயே கண்டறிந்து, 1921இல் மைசென் நகரில் பிறருக்கும் கற்பிக்கத் தொடங்கினார். எங்கள் மகளும் அதனைப் பயின்றாள்.

கச்சையை உறவினர் கண்ணிலிருந்து மறைத்தோம். நாளை திருமணப் பேச்சு வரும்போது என்ன சொல்வார்களோ என்னும் அச்சம். ஒருநாள் அவள் கேட்டாள்: "மறைத்தால் நான் தவறு செய்தவள் போல் ஆகாதா, அம்மா?" அன்றிலிருந்து மறைப்பதை விட்டோம். மருத்துவர் அனுமதித்தபடி, நடன வேளையில் மட்டும் கழற்றிவைத்து மேடையேறினாள். மூன்று ஆண்டுகளின் பின் எலும்பு வளர்ச்சி நின்றது. வளைவு மறையவில்லை, ஆயினும் கூடவுமில்லை.

அன்பான பெற்றோரே! ஆண்டுக்கு இருமுறையேனும் பிள்ளையை முன்னே குனியச் செய்து முதுகைப் பாருங்கள். 12 முதல் 14 வயதுக்குள் காப்புறுதி நிதியம் செலவேற்கும் 'ஜே 1' பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். "நிமிர்ந்து நில்" என்று சொல்லுமுன், பிள்ளையால் நிமிர முடிகிறதா என்று ஒருகணம் பார்ப்போம்.