முதல் வாக்கியம்



இன்று மாலை எங்கள் ஊர் நூலகத்தில் நடந்த பேச்சுப் போட்டியில், பிள்ளைகள் பலரும் தலைவர், நடுவர், ஆசிரியப் பெருமக்கள் என்று வரிசையாக வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தங்கள் நேரத்தில் பாதியைக் கரைத்துவிட, ஒரு சிறுமி மாத்திரம் மேடையேறி, மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டு, சபையை ஒருமுறை நிதானமாகப் பார்த்த பிறகே வாய் திறந்தாள்.

அந்த க்ஷணமே சபை அவள் வசமாயிற்று; எனக்கோ விவேகானந்தரின் சிகாகோ பிரசங்கம் நினைவுக்கு வந்தது.

1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வமத மகாசபையில், மற்றவர்களெல்லாம் தயாரித்த பிரசங்கங்களோடு வந்திருக்க, அப்படி எதுவுமின்றிக் காலையில் பேசத் துணியாமலே இருந்துவிட்ட விவேகானந்தர், தம் நெஞ்சு படபடத்ததையும் நாக்கு உலர்ந்ததையும் பின்னர் சென்னைச் சிஷ்யர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். சரஸ்வதி தேவியை வணங்கி எழுந்து, அமெரிக்க மக்களைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று அவர் விளித்ததும் எழுந்த கரகோஷம் இரண்டு நிமிஷம் ஓயவில்லை.

நெஞ்சு படபடக்கும்போதே எழுந்து நின்று, எதிரே இருப்பவர்களை உறவாகப் பாவித்து முதல் வார்த்தையைச் சொல்லத் துணிவதுதான் நல்ல ஆரம்பத்தின் ரகசியம் என்று தோன்றுகிறது. மனப்பாடத்துக்கு முன்பாகப் பிள்ளைகளுக்கு இதையன்றோ நாம் கற்பிக்க வேண்டும்!

நீங்கள் கேட்ட பிரசங்கங்களில், முதல் வாக்கியத்திலேயே உங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது எது? சொல்லுங்களேன்.