புகை பூசிய நாள்

முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்தது. அம்மாவுக்குச் சேலை எடுத்தேன். எனக்கு? மதுரையில் ஓர் அத்தர்க் கடை முன் கால்கள் நின்றுவிட்டன. சுண்டுவிரல் அளவுக் குப்பி. அதனுள் சாம்பிராணி அத்தர்! மல்லிகையும் ரோசாவும் எடுத்து நீட்டிய கடைக்காரர், நான் புகையின் மணம் கேட்டதும் புருவத்தை உயர்த்தினார்.

புகையை எவராவது பூசிக்கொள்வார்களா என்பீர்கள். அகிற்புகையில் ஈரக் கூந்தலை உலர்த்திய மகளிரைச் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டவில்லையா? சாம்பிராணி அக்கரைச் சரக்கு; சுமாத்திராவின் மரங்களைக் கீறி எடுப்பது. குங்கிலியமோ நம் மேற்குமலை மரங்களே தருவது. பட்டையில் வெட்டு விழாமல் பிசின் வடிவதில்லை. மரம் நோயுறாமல் அகிலுக்கு மணம் பிறப்பதில்லை. விந்தைதான்!

ஒரு துளியை மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். முதலில் சுருக்கென்று ஒரு காரம். பின்பு கனிந்த புகை. வெயில் ஏற ஏற, பாகு காய்ச்சும் அடுப்பங்கரையின் இனிமை. பூவின் மணம் புறப்பட்ட வேகத்தில் போய்விடும். பிசினின் மணம் அப்படியன்று, ஒட்டினால் விடாது.

பாடம் நடந்துகொண்டிருந்தது. முன் வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், உங்க மேல கோயில் வாசம் வருது!"

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் நெஞ்சில் தாத்தா வந்து நின்றார். மதுரை மீனாட்சி கோயிலின் கதவு 1939 ஜூலை 8 அன்று ஒடுக்கப்பட்டோர்க்குத் திறந்தது. எங்கள் சிற்றூர்க் கோயிலின் படியையோ அவர் கடைசிவரை மிதித்ததில்லை. அவர் அறிந்த கோயிலெல்லாம், தெருமுனை வரை காற்றில் வந்த சாம்பிராணி மணம் ஒன்றே. புகைக்குத் தீட்டு இல்லை போலும்! அந்த மணம் இன்று அவர் பேத்தியின் கையில்! வென்றுவிட்டோம் என்று மாலைவரை இறுமாந்திருந்தேன்.

மாலையில் அம்மா வந்தாள்.

ஏலத்தை ஏலம் விடும் ஊர் எங்கள் போடிநாயக்கனூர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் காயின் பருமனும் பச்சை நிறமும் விலை பேசும். பறித்த கையை யார் கேட்டார்? விடியுமுன் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் குனிந்து நின்று செடியின் அடித்தூரில் காய் தேடும் கைகள் அவை. ஏலம் பூச்சிமருந்தை மிகுதியாகக் குடிக்கும் பயிர். ஆகவே அம்மாவின் கையில் ஏலமணம் பாதி, மருந்து நெடி பாதி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதியில், அம்மா கொடுத்தனுப்பிய போர்வையை விரித்தபோது ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்று முதலே எனக்கு ஒரு குப்பி வேண்டியிருந்தது. தாத்தாவுக்காக நான் அதை வாங்கவில்லை. அம்மாவை மறைக்க வாங்கினேன்.

"என்னடி தாயி, சாம்பிராணி போட்டியா?" என்றாள் அம்மா. மணிக்கட்டை நீட்டினேன். கண்மூடி மோந்தாள். அவள் கையைப் பற்றப் போனேன்; வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மருந்து நாத்தம் தாயி. உன் வாசனை கெட்டுப் போகும்."

என்ன சொல்வேன்? விடாமல் பற்றினேன். காய்ப்பேறிய அந்த உள்ளங்கையில் ஒரு துளி விட்டுத் தேய்த்தேன். என் தோலில் கோயிலாய் மணத்தது, அவள் தோலில் வேறாயிற்று. புகைக்கு அடியிலிருந்து ஏலம் எழுந்தது. ஏலத்துக்கு அடியில் மருந்தும் இருந்தது. எந்தக் கடையிலும் கிடைக்காத கலவை.

மறுநாள் இருட்டிலேயே ஜீப் வந்து ஒலி எழுப்பியது. ஏறுவதற்கு முன் அம்மா கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னும் போகலடி" என்றாள்.