முதல் சுற்றில் மிச்சம் பிடி!

என் மகள் தாரணி ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது 800 மீட்டர் ஓட்டத்தில் பள்ளியில் முதலாவதாக வந்தாள். மாவட்டப் போட்டிக்கு அவளுடன் நானும் போனேன். பையில் துண்டு, குளுக்கோஸ், எலுமிச்சம்பழம் என்று எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு, என்னவோ நானே ஓடப் போகிற மாதிரி எனக்குப் படபடப்பு.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதுதான் தாமதம், வேலி ஓரமாக நின்று கத்த ஆரம்பித்துவிட்டேன். "ஓடு தாரணி! விடாதே! முந்து, முந்து!" அவளும் பறந்தாள். முதல் சுற்று முடிகிறபோது மற்றப் பெண்கள் எல்லாரும் வெகு தூரம் பின்னால். பக்கத்தில் நின்ற அம்மாவிடம், "எம் பொண்ணுதாங்க" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெருமை ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறிக்கொண்டன. சேற்றில் நடக்கிறவள் போலக் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தாள். ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். கடைசி ஆளாக வந்து, கோட்டைத் தொட்டதும் சுருண்டு விழுந்தாள்.

வீட்டில் கேட்க வேண்டுமா? "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். பொம்பளைப் பிள்ளை உடம்பு இதெல்லாம் தாங்குமா?" என்றார் என் மாமியார். "அடுத்த வருஷம் பத்தாவது. இதோட நிறுத்திக்கலாம்" என்றார் என்னவர். தாரணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அம்மா, இனிமே நான் ஓட மாட்டேன்" என்றாள். எனக்கு நெஞ்சை அடைத்தது.

இரண்டு நாள் கழித்து, பள்ளியில் கொடுத்திருந்த ஷூவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பி.டி. டீச்சர் ஷூவை வாங்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் நான்கு எண்கள்: 31, 37, 48, 56.

"ஒவ்வொரு 200 மீட்டருக்கும் எத்தனை வினாடின்னு எழுதியிருக்கேன். முதல் சுற்று 68, ரெண்டாவது சுற்று 104. மொத்தம் 2 நிமிஷம் 52 வினாடி. அவ ஒரே ஒரு சுற்று மட்டும் உயிரைக் கொடுத்து ஓடினாலே 66 வரும். ரெண்டு சுற்று ஓட வேண்டியவ, முதல் சுற்றுலேயே அத்தனையையும் செலவழிச்சுட்டா. யாரு அவளை அப்படி விரட்டினது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். விரட்டியது யார் என்று எனக்குத் தெரியாதா?

பிளஸ் டூவோடு படிப்பு நின்ற எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது. சம்பளம் வந்த முதல் வாரம் ஓட்டலும் சினிமாவுமாகச் செலவழித்துவிட்டு, இருபதாம் தேதிக்கு மேல் காப்பிப் பொடிக்குப் பக்கத்து வீட்டில் நிற்கிற கதைதானே!

உடம்புக்குள் நடப்பதையும் டீச்சர் சொன்னார். ஓட ஆரம்பித்த முதல் முப்பது நாற்பது வினாடிக்கு இதயமும் நுரையீரலும் முழு வேகத்துக்கு வந்திருக்காது. அப்போதே தலைதெறிக்க ஓடினால், போதிய பிராணவாயு கிடைக்காத தசை, கையிருப்பில் உள்ள சர்க்கரையை அவசரமாக உடைத்துச் சக்தி எடுக்கும். அதனால் தசையில் அமிலத்தன்மை ஏறும். பிறகு மனசு எவ்வளவு விரட்டினாலும் கால் நகராது. 'லாக்டிக் அமிலம்தான் விரோதி' என்று முன்பு சொல்வார்கள். லாக்டேட்டை உடம்பு எரிபொருளாகவும் பயன்படுத்திக்கொள்கிறது என்பது இப்போது தெரிந்திருக்கிறது. குற்றம் அதன்மேல் இல்லை, நம் அவசரத்தின்மேல்தான்.

செல்போனில் இரண்டு ஓட்டங்களைப் போட்டுக் காட்டினார். ஒன்று, 1972 மியூனிக் ஒலிம்பிக். அமெரிக்காவின் டேவ் வாட்டில் தலையில் தொப்பியோடு ஓடுகிறார். ஆரம்பத்தில் எல்லாருக்கும் பின்னால் கடைசி. முடிவில் பாய்ந்து வந்து சோவியத் வீரர் அர்ஷானோவை 0.03 வினாடியில் ஜெயிக்கிறார். "கடைசியில என்ன வேகம்!" என்றேன். டீச்சர் சிரித்துவிட்டு அவருடைய 200 மீட்டர் கணக்கை எழுதினார்: 26.4, 26.9, 26.4, 26.2. அவர் வேகம் ஏறவே இல்லை அம்மா! ஏறக்குறைய ஒரே சீராகத்தான் ஓடியிருக்கிறார். மற்றவர்கள் களைத்துப் பின்தங்கியதால் அவர் பாய்ந்த மாதிரி தெரிகிறது.

இன்னொன்று, 2012 லண்டன் ஒலிம்பிக். கென்யாவின் டேவிட் ருடிஷா 1 நிமிஷம் 40.91 வினாடியில் உலக சாதனை செய்தது. முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. அதாவது 800 மீட்டரில் முதல் சுற்று சற்று வேகமாக இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அவருக்கு வித்தியாசம் 2.35 வினாடி, என் மகளுக்கு 36 வினாடி!

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் இன்னொரு கதையும் சொன்னேன். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதல்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிஷம் 16.8 வினாடியில் ஜெயித்தார். ஓடிய ஒன்பது பேருமே ஓட்டத்தை முடித்தார்கள். முடித்த களைப்பில் சிலர் புல்லில் சாய்ந்ததை, பெண்கள் பாதியிலேயே விழுந்துவிட்டதாகப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. அடுத்து 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் அந்த ஓட்டம் பெண்களுக்குத் திரும்பக் கிடைத்தது. "முப்பத்திரண்டு வருஷம் அத்தை! நம்ம தாரணி விழுந்தது பொம்பளைங்கறதால இல்லை. நான் கத்தினதால."

அத்தை பதில் சொல்லவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

ரத்தப் பரிசோதனையும் செய்தோம். ஹீமோகுளோபின் 9.4. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். தசைக்குப் பிராணவாயு எடுத்துப் போவதே அதுதானே! டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரையை ஒட்டிக் காப்பி, டீ கூடாது. அவை சத்து சேர்வதைத் தடுக்கும். நெல்லிக்காயோ கொய்யாவோ உடன் சாப்பிட்டால் நன்றாகச் சேரும். வயதுக்கு வந்த பெண் 'சோர்வாக இருக்கு' என்றால் சோம்பேறி என்று திட்டாமல் ஒரு தடவை ரத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள், சகோதரிகளே.

அதன்பின் தினமும் சாயங்காலம் நானும் மைதானத்துக்குப் போனேன், கையில் ஸ்டாப் வாட்சோடு. டீச்சர் போட்ட திட்டம் 38, 40, 41, 40. முதலில் 38 வினாடிக்கு ஓடச் சொன்னால் 33, 34 என்று வந்து நிற்பாள். "இவ்வளவு மெதுவாவாம்மா?" என்று சிணுங்குவாள். மெதுவாக ஓடுவது இத்தனை கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. 200 மீட்டர் ஓடி, இரண்டு நிமிஷம் நடந்து, மறுபடி 200. இப்படி ஆறு தடவை. இரண்டு மாதத்தில் கடிகாரம் பார்க்காமலே கால் கணக்குச் சொல்ல ஆரம்பித்தது.

வளைவில் அடுத்தவளுக்கு வெளிப்பக்கமாக ஓடினால் தூரம் கூடும் என்பதும் பாடமானது. இரண்டாவது தடத்திலேயே ஒரு முழுச் சுற்று ஓடினால் ஏழு மீட்டருக்கு மேல் அதிகம். அதனால் முந்துவதை நேர்ப்பாதைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர்.

எனக்கும் ஒரு பயிற்சி உண்டு. 'ஓடு' என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. எண்ணை மட்டும் சொல்ல வேண்டும்!

அடுத்த வருஷம் அதே மைதானம், அதே வேலி. துப்பாக்கி வெடித்ததும் பெண்கள் எல்லாரும் சிட்டாய்ப் பறந்தார்கள். எட்டுப் பேரில் தாரணி ஏழாவது. 'ஐயோ, ஓடேன்டி' என்று தொண்டைவரை வந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டும்போது, "முப்பத்தேழு!" என்றேன். முதல் சுற்று முடிவில், "எழுபத்தேழு!" அப்போதும் ஏழாவதுதான். ஆனால் தோள் தழைந்து இருந்தது, முகம் இறுகவில்லை.

மூன்றாவது 200 மீட்டரை 41 வினாடியில் முடித்தபோதே, முன்னால் போனவர்களின் தோள் காதுக்கு ஏற ஆரம்பித்துவிட்டது. கடைசி நேர்ப்பாதையில் ஒருத்தி, இரண்டு பேர், மூன்று பேர் என்று தாண்டினாள். கடைசி 200 மீட்டர் 39 வினாடி. மொத்தம் 2 நிமிஷம் 37 வினாடி.

நான்காவது இடம். பதக்கம் இல்லை. ஆனால் போன வருஷத்தைவிடப் பதினைந்து வினாடி குறைவு! கோட்டைத் தாண்டியவள் விழவில்லை. இடுப்பில் கை வைத்தபடி என்னைத் தேடி வந்து, "அம்மா, கடைசியில எனக்கு மிச்சம் இருந்துச்சும்மா!" என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தங்கப் பதக்கம்.

அன்று ராத்திரி அத்தை உப்பும் மிளகாயும் எடுத்து அவளுக்குச் சுற்றிப் போட்டார். என்னவர் மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் 1500 மீட்டரும் ஓடுவாளா?" என்று கேட்டார்.

இப்போது தாரணி பிளஸ் ஒன். பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாசமே நான் விடிகாலை நாலு மணிக்கு விளக்கைப் போட்டு, "எழுந்து படி" என்று விரட்டினால், போர்வைக்குள்ளிருந்து குரல் வருகிறது: "அம்மா, இது முதல் சுற்றுதான்!"

விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.