சாயங்காலங்களில் தோண்டிய சுரங்கம்

"போர்வெல்லில் தண்ணீர் குறைந்துவிட்டது. இன்னும் ஆழப்படுத்தலாமா, வேறு இடத்தில் புதிதாகப் போடலாமா?" வேளாண்மை அலுவலகத்துக்கு இந்தக் கேள்வியோடு யாராவது வராத மாதம் இல்லை. கேட்பவர் பெரும்பாலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர். பதில் எதுவானாலும் ஒரே நாளில் பெரிய தொகை வேண்டும். நகையை அடகு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டிக்கு வாங்க வேண்டும். லாரி வந்து ஒரே ராத்திரியில் துளை போட்டுவிட்டுப் போய்விடும். வெறும் புழுதி பறந்தால் கடன்தான் மிச்சம்.

இதற்கு நேர் எதிரான வழியில் தண்ணீரைக் கண்டவர் அமை மகாலிங்க நாயக். கர்நாடகத்தில், கேரள எல்லையை ஒட்டிய தட்சிண கன்னட மாவட்டத்துக்காரர். பாக்கு மரமும் தென்னை மரமும் ஏறும் கூலித் தொழிலாளி. அவர் வேலை பார்த்த தோட்டத்தின் உரிமையாளர் 1978-ல் அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் கொடுத்தார். நிலம் என்று பெயர்தான். உண்மையில் அது மொட்டையான மலைச்சரிவு. ஒரு செடி நட்டால் அதற்கு ஊற்றவும் அங்கே தண்ணீர் இல்லை.

அந்தப் பகுதியில் மழைக்குக் குறைவில்லை. வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். நம் மாநிலச் சராசரியைப் போல மூன்று மடங்கு. ஆனால் சரிவில் பெய்த மழை ஓடிப்போய்விடும், மாசி பங்குனியில் குடிக்கவே திண்டாட்டம். இதற்கு அங்கேயும் பக்கத்துக் காசர்கோட்டிலும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. 'சுரங்கா' என்பார்கள். கிணறு கீழ்நோக்கிப் போகும், இது மலையின் வயிற்றுக்குள் படுக்கைவாட்டில் போகும். ஒரு ஆள் நின்று வேலை செய்யும் உயரம், தோள் இடிக்கும் அகலம். மழைக்காலத்தில் மலையைக் குடைந்து இறங்கிய நீரைச் செம்புரைக்கல் பிடித்து வைத்திருக்கும். சுரங்கம் அந்த ஈரத்தைத் தொட்டால் நீர் கசிந்து, தானாகவே வெளியே வடிந்துவரும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

சுரங்கம் தோண்ட ஆள் வைக்க நாயக்கிடம் பணம் இல்லை. கூலியை விட்டுவிட்டுத் தோண்டினால் வீட்டில் அடுப்பு எரியாது. பகலெல்லாம் மரம் ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் கடப்பாரையோடு தன் சரிவுக்குப் போனார். இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் வெட்டினார். சுரங்கத்துக்குள் விளக்கு வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, காற்று போதவில்லை என்றால் சுடர் மங்கி அணையும், உடனே வெளியே வந்துவிட வேண்டும். வெட்டிய மண்ணையும் அவரே வெளியே சுமந்து கொட்ட வேண்டும். உள்ளே போகப் போக, வெட்டும் வேலையைவிட மண் சுமக்கும் நடை கூடிக்கொண்டே போகும். தோண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும்.

முதல் சுரங்கத்தில் தண்ணீர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தன. ஒவ்வொன்றும் மாதக்கணக்கான உழைப்பு. பார்த்தவர்கள் வீண் வேலை என்றார்கள். அவர் விடாமல் அடுத்த இடத்தைப் பார்த்தார். வருடங்கள் கழித்து ஒரு சுரங்கத்தில் தண்ணீர் வந்தது. அதைத் தொட்டியில் தேக்கி, சரிவைப் படிப்படியாகத் திருத்திக் கல்லடுக்கி, பாக்கும் தென்னையும் வாழையும் மிளகும் வைத்தார். 2022-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது.

இந்தக் கதையை 'விடாமுயற்சி' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. பொய்த்துப்போன முதல் சுரங்கத்தையே பிடிவாதமாக மேலும் மேலும் குடைந்துகொண்டிருந்தால் அவருக்குத் தண்ணீர் கிடைத்திருக்குமா? சாயங்கால வேலையை அவர் மாற்றவில்லை, இடத்தை மாற்றினார். அதைவிட முக்கியம், ஒரு சுரங்கம் தோற்றபோது அவர் இழந்தது உழைப்பை மட்டும்தான். கூலி வந்துகொண்டிருந்தது, நிலம் அவரிடமே இருந்தது, வாசலில் கடன்காரர் நிற்கவில்லை. அதனால்தான் அடுத்த சுரங்கத்தைத் தொடங்க முடிந்தது. போர்வெல் பொய்த்தவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு தடவை தோற்றாலே மாடு விற்க வேண்டியிருக்கிறது. சிறுகச் சிறுகச் செய்வதன் உண்மையான லாபம் இதில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் கடப்பாரையோடு குன்றைத் தேடிப் போக வேண்டாம். செம்புரைக்கல் மலையும் அந்த அளவு மழையும் இருக்கும் இடத்துக்குத்தான் சுரங்கா. நம் கரும்பாறைப் பூமியிலோ கரிசலிலோ அது நடக்காது. மண் சரிந்தால் உயிருக்கே ஆபத்து. நம் மானாவாரி நிலத்துக்கு ஏற்றது வரப்பு. ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 255 மீட்டர். மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆள் கூலியைக் கணக்குப் போட்டால் அப்படியே விட்டுவிடத் தோன்றும். ஒரு நாளைக்கு மூன்று மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 85 நாள். தை அறுவடை முடிந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே தொடங்கினால் சித்திரைக்குள் நான்கு பக்கமும் வரப்பு உயர்ந்துவிடும். நடுவில் கல்யாணம், காய்ச்சல் என்று பத்து நாள் விட்டுப்போகும். போகட்டும். விட்டதைச் சேர்த்து ஒரே நாளில் முப்பது மீட்டர் வெட்டப் போனால்தான் இடுப்பு பிடித்து வேலை அடியோடு நிற்கும். மறுநாளும் அதே மூன்று மீட்டர் போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாயங்காலம் எல்லோருக்கும் ஓய்வான நேரம் இல்லை. வயலிலிருந்து வந்த பெண்ணுக்கு அடுப்பும் மாடும் காத்திருக்கின்றன. வரப்பு வேலையையும் அவர் தலையில் கட்டிவிட்டு, "நாங்கள் தினமும் செய்கிறோம்" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. மண்வெட்டியை யார் பிடிப்பது, அந்த நேரம் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்று இரண்டையும் சேர்த்தே பேசிக்கொள்ள வேண்டும்.

வரப்பை எங்கே தொடங்குவது என்றும் கேட்பார்கள். பலர் வீட்டுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் தொடங்குகிறார்கள். நிலத்தின் பள்ளமான மூலையில் தொடங்கி, இரண்டு பக்கமும் மேடு நோக்கிப் போக வேண்டும். மிஞ்சிய நீர் வழிந்தோட அங்கே கல் பதித்து ஒரு வாய் விட வேண்டும். பாதி வேலையில் கோடை மழை வந்துவிட்டாலும், அந்த மூலை வரைக்கும் தண்ணீர் நிற்கும்.