பாட்டை அடகு வைத்த பாட்டுக்காரர்

பாண்டு என்றால் நம்மைப் போன்ற ஆபீஸ்வாசிகளுக்கு மூன்றுதான் தெரியும். ஜேம்ஸ் பாண்டு, பாண்டு பேப்பர், அப்புறம் வேலையில் சேரும்போது 'மூணு வருஷம் ஓடிப்போக மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொள்வார்களே, அந்த பாண்டு. நாலாவதாக ஒன்று இருந்தது. போவி பாண்டு!

டேவிட் போவி இங்கிலாந்து பாப் பாடகர். செம்பட்டைத் தலை, கல்யாணப் பெண்ணே கூச்சப்படுகிற அளவுக்கு மேக்கப். 1972-ல் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' என்று ஒரு கற்பனைப் பாத்திரமாகவே மாறி மேடையேறினார். பிய்த்துக்கொண்டு போயிற்று. வேறு யாராவது என்றால் பாகம் இரண்டு, பாகம் மூன்று என்று இழுத்திருப்பார்கள். மனுஷன் 1973 ஜூலையில் லண்டன் மேடையில், இதுதான் கடைசி ஷோ என்று அறிவித்து ஸிக்கிக்கு மங்களம் பாடிவிட்டார். பின்னால் வாசித்துக்கொண்டிருந்த டிரம்ஸ்காரருக்கே விஷயம் அப்போதுதான் தெரியுமாம்!

போவியின் புதுமை என்றால் எல்லோரும் இந்த வேஷத்தைத்தான் சொல்வார்கள். நான் பி.காம். எனக்கு அவருடைய கணக்குப் புத்தகம்தான் கிளுகிளுப்பு.

அவசரத்துக்கு நாம் நகையை அடகு வைப்போம். போவி 1997-ல் பாட்டை வைத்தார். 1990-க்கு முன் வெளியிட்ட 25 ஆல்பங்களிலிருந்து இனி வரப்போகிற ராயல்டியை ஈடாகக் காட்டிக் கடன் பத்திரம். 5.5 கோடி டாலர், வட்டி 7.9 சதவிகிதம், பத்து வருஷம். யோசனை டேவிட் புல்மேன் என்கிற பேங்கருடையது. அமெரிக்க புருடென்ஷியல் இன்ஷூரன்ஸ் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது. வீட்டுக் கடன் தவணைகளை இப்படிப் பத்திரமாக்கி விற்பது வால் ஸ்ட்ரீட்டில் பழைய சமாசாரம். பாட்டுக்கும் அதே சட்டையை மாட்டியதுதான் புதுசு.

பணத்தை என்ன செய்தார்? இளம் வயதில் ஒரு மேனேஜருடன் ஒப்பந்தம் போட்டிருந்தார். 1975-லேயே பிரிந்தாயிற்று. ஆனாலும் அந்தக் காலத்துப் பாட்டுகளில் மேனேஜருக்குப் பங்கு போய்க்கொண்டே இருந்தது. கடன் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துப் பங்காளியைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். தன் பாட்டைத் தானே விலைக்கு வாங்கினார், ஸார்!

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். போன மாதம் ஒரு பதிப்பகத்தார் என் பத்து வருஷக் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுவதாகச் சொல்லி, ஒரு தாளை நீட்டினார். மொத்தமாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய். 'சகல உரிமைகளும், இனி கண்டுபிடிக்கப்படும் சகல வடிவங்களிலும், நிரந்தரமாக.' ஃபில்டர் காபி வேறு. பேனா மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார்.

"நிரந்தரமாவா?"

"பழைய கட்டுரையை யார் சார் திரும்பப் படிக்கப் போறாங்க?"

"அப்ப உங்களுக்கு மட்டும் எதுக்கு சார் நிரந்தரம்?"

காபியை மட்டும் குடித்துவிட்டுத் தாளை வீட்டுக்கு எடுத்துவந்தேன். மனைவியிடம் போவி கதையை முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர் வீட்ல ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்ததா?" என்றாள்.

நியாயமான கேள்வி. போவி கதையும் வழவழவென்று போய்விடவில்லை. 1999-ல் நாப்ஸ்டர் வந்தது. ஊரே பாட்டை ஓசியில் இறக்கியது, சிடி விற்பனை படுத்தது. 2004-ல் மூடிஸ் நிறுவனம் போவி பாண்டின் தரத்தைக் குப்பைப் பத்திரத்துக்கு ஒரே ஒரு படி மேலே கொண்டுபோய் வைத்தது. ஆனால் 2007-ல் கடன் முழுக்க அடைந்து, பாட்டு வருமானம் அவரிடமே திரும்பியது. பாட்டெல்லாம் குழாய்த் தண்ணீர், மின்சாரம் மாதிரி ஆகப்போகிறது என்று 2002-லேயே பேட்டியில் சொன்னவர் அவர். அதற்காக 1997-லேயே எல்லாம் தெரிந்து செய்தார் என்று நான் சாதிக்க மாட்டேன். பாதி மூளை, பாதி ஜாதகம். 2016-ல் போவி காலமானார். 2022-ல் வாரிசுகள் அவர் எழுதிய பாட்டுகளின் உரிமையை வார்னர் சாப்பலுக்கு விற்றார்கள். விலை 25 கோடி டாலருக்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின.

என் தாளில் 'நிரந்தரமாக' என்பதை அடித்து 'ஐந்து வருஷத்துக்கு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்பது நாளாயிற்று. பதிப்பகத்திலிருந்து போன் இல்லை. ஃபீஸுக்குக் கடைசித் தேதி வருகிற வெள்ளிக்கிழமை.