பல்லாவரம் சந்தையில் நான் தொடாதவை

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? ஆணி முதல் பீரோ வரை பழசு எல்லாம் கிடைக்கும். வாங்கித் துலக்கித் தெரிந்தவர்களுக்கு விற்பது என் சின்ன வியாபாரம். (“குப்பை” என்பார் என்னவர்!) பித்தளை விளக்கு, மர அஞ்சறைப்பெட்டி என்றால் யோசிக்கவே மாட்டேன்.

போன வாரம் ஒரு குக்கர், பளபளவென்று, இருநூறே ரூபாய். மூடிப் பார்த்தேன், விளிம்பு நசுங்கி ஆடியது. சூடு மீறினால் உருகி ஆவியை வெளியேற்ற வேண்டிய சேஃப்டி வால்வு இருக்கும் இடத்தில் ஒரு திருகாணி!

“புது கேஸ்கட் போட்டா சரியாயிடும்மா” என்றார் கடைக்காரர்.

வாங்குகிறவள் வீட்டு அடுப்படியில் குழந்தை தவழுமே! வைத்துவிட்டேன். கீறல் விழுந்த நான்ஸ்டிக், மூட்டைப்பூச்சி ஒளியும் மெத்தை, பால் புட்டி இவற்றின் பக்கமே போவதில்லை.

அன்று ஒரு வெண்கல உருளியோடு ரயில் ஏறினேன்.